ஒரே திரையில் ஆடும் விளையாட்டை ஊர் விட்டு ஊர் ஆட எந்த வழி?

2000களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டின் பிரௌசிங் சென்டர்களிலும் உறவினர் வீட்டுக் கணினிகளிலும் விளையாடி வளர்ந்தவர்களிடம் ‘முஸ்தபா கேம்’ என்று சொன்னால் உடனே முகம் மலரும். காப்காம் நிறுவனம் 1993இல் வெளியிட்ட அந்த ஆர்கேடு விளையாட்டின் பெயர் ‘கேடிலாக்ஸ் அண்டு டைனசார்ஸ்’ என்பதை நம்மில் பலர் வெகுகாலம் கழித்தே அறிந்தோம். அதில் வரும் முஸ்தபா என்னும் பாத்திரத்தின் பெயரே இங்கு விளையாட்டின் பெயராக நிலைத்துவிட்டது. ஒரே கீபோர்டின் இடப்பக்கம் ஒருவர், வலப்பக்கம் ஒருவர் என்று நெருக்கியடித்து உட்கார்ந்து ஆடிய அந்த அனுபவத்தை, இப்போது வெவ்வேறு ஊர்களில் இருக்கும் நண்பர்களோடு மீண்டும் பெற முடியுமா என்பதே இக்கட்டுரையின் கேள்வி. எங்கள் குழுவில் நால்வர் இருக்கிறோம்: நான் சென்னையில், ஒருவர் கோவையில், ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் டொராண்டோவில். கீழே ஒப்பிடும் கணினி வழிகள் ஒவ்வொன்றையும் நாங்கள் ஆடிப் பார்த்திருக்கிறோம். எந்த விளையாட்டுக்கு எது பொருந்தும் என்பதில் எனக்கு உறுதியான கருத்தும் உண்டு.

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிவிட வேண்டும். ‘லோக்கல் மல்டிபிளேயர்’ என்ற ஒரே சொல்லால் இரண்டு வெவ்வேறு வகைகளைக் குறிக்கிறோம். ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’, ‘கவுன்டர் ஸ்டிரைக் 1.6’ போன்றவை, ஒரே அறையில் உள்ள பல கணினிகளைக் கேபிளால் இணைத்து, ஒவ்வொருவரும் தம் திரையில் ஆடுபவை. முஸ்தபா, ‘கான்ட்ரா’, ‘கப்ஹெட்’, ‘டவர்ஃபால்’ போன்றவை ஒரே கணினியில், ஒரே திரையில், பல ஜாய்ஸ்டிக்குகளைக் கொண்டு ஆடுபவை. முதல் வகைக்கு மெய்நிகர் லேன் (ஒரே இடத்துக் கணினிகளை இணைக்கும் வலையமைப்பின் இணையவழி வடிவம்) போதும்: 2004இல் வந்த ஹமாச்சி தொடங்கி இன்றைய ஜீரோடியர், ராட்மின் விபிஎன் வரை உள்ள மென்பொருள்கள், தொலைவில் உள்ள கணினிகளை ஒரே அறையில் இருப்பவை போல விளையாட்டுக்குக் காட்டிவிடுகின்றன. ஒவ்வொருவரிடமும் அந்த விளையாட்டின் பிரதி இருக்க வேண்டும் என்பதைத் தவிர அதில் பெரிய சிக்கல் இல்லை. ஆனால் இரண்டாம் வகை விளையாட்டுக்கு ஹமாச்சியை நிறுவிவிட்டு, “கணினிகள் இணைந்துவிட்டன, ஆனால் இரண்டாவது ஆட்டக்காரர் வரவே இல்லையே” என்று திகைப்பவர்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அந்த விளையாட்டுகளுக்குள் வலையமைப்பைப் பற்றிய நிரலே கிடையாது. லேன் இருந்தாலும் அவை அதைத் தேடுவதில்லை. இனிச் சொல்லப்போவது இந்த இரண்டாம் வகையைப் பற்றியே.

இவ்வகை விளையாட்டைத் தொலைவுக்குக் கொண்டுபோக அடிப்படையில் இரண்டு உத்திகளே உள்ளன. ஒன்று, விளையாட்டு ஒருவருடைய கணினியில் மட்டும் ஓட, அதன் திரைக்காட்சி காணொளியாக நண்பர்களுக்குப் போய், நண்பர்கள் அழுத்தும் பொத்தான்கள் திரும்பி வந்து அந்தக் கணினியில் இரண்டாவது, மூன்றாவது ஜாய்ஸ்டிக்காகப் பதிவாவது. ஸ்டீம் என்னும் இணைய விளையாட்டுக் கடையின் ரிமோட் ப்ளே டுகெதர், பார்செக், சன்ஷைன்–மூன்லைட் ஆகியவை இவ்வழியைச் சேர்ந்தவை. மற்றொன்று, ஒவ்வொருவர் கணினியிலும் அதே விளையாட்டு தனித்தனியே ஓட, பொத்தான் அழுத்தங்கள் மட்டும் இணையத்தில் பரிமாறப்படுவது. பழைய விளையாட்டுக் கருவிகளைப் போலவே கணினியை நடிக்கவைக்கும் எமுலேட்டர் மென்பொருள்களில் உள்ள நெட்பிளே (இணையவழி ஆட்ட வசதி), ஃபைட்கேட், ‘சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் மெலீ’ ஆட்டக்காரர்களுக்காக 2020இல் நெட்பிளே வசதியோடு வந்த ஸ்லிப்பி ஆகியவை இவ்வழியைச் சேர்ந்தவை. எந்த மென்பொருளை நிறுவுவது என்று யோசிப்பதற்கு முன், இவ்விரு உத்திகளில் எது தம் குழுவுக்கு வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவர்கள் வீணாகும் பல மாலைகளை மிச்சப்படுத்திக்கொள்ளலாம்.

அந்தத் தீர்மானம் தாமதத்தைப் பொறுத்தது. ஒளியிழைக் கேபிளில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2,00,000 கி.மீ. வேகத்தில் செல்கிறது. சென்னையையும் சிங்கப்பூரையும் இணைக்கும் கடலடிக் கேபிள்கள் சுமார் 3,200 கி.மீ. நீளமுள்ளவை, ஆகவே ஒரு செய்தி போய்த் திரும்பக் குறைந்தது 32 மில்லி நொடி ஆகும். டொராண்டோ சென்னையிலிருந்து நேர்க்கோட்டுத் தொலைவிலேயே 13,000 கி.மீ.க்கு மேல் இருப்பதால், அங்கே போய்த் திரும்ப 130 மில்லி நொடிக்குக் குறைய வழியே இல்லை. கேபிள்கள் வளைந்து நெளிந்து பல நாடுகளைத் தொட்டுச் செல்வதால் நடைமுறையில் அது 200ஐத் தாண்டிவிடுகிறது. நொடிக்கு 60 சட்டகங்கள் (ஃபிரேம்கள், அதாவது தனித்தனிப் படங்கள்) ஓடும் விளையாட்டில் ஒரு சட்டகம் 16.7 மில்லி நொடி. அப்படியானால் சிங்கப்பூர் நண்பர் 2 சட்டகங்கள் பின்தங்கியும், டொராண்டோ நண்பர் 12 சட்டகங்களுக்கு மேல் பின்தங்கியும் ஆடுகிறார்கள். காணொளி வழியில் இதன்மேல் படத்தைச் சுருக்கி அனுப்பும் நேரமும், மறுமுனையில் விரித்துக் காட்டும் நேரமும் கூடும். எந்த நிறுவனத்தின் மென்பொருளை வாங்கினாலும் இந்தத் தொலைவுக் கணக்கை மாற்ற முடியாது.

காணொளி வழியில் எனக்கு உறுத்தலாக இருக்கும் செய்தி, இந்தத் தாமதம் எல்லோருக்கும் சமமாகப் பங்கிடப்படுவதில்லை என்பதே. தன் கணினியில் விளையாட்டை இயக்கும் ஹோஸ்டுக்குத் தாமதமே கிடையாது. முழுச் சுமையும் விருந்தினர்கள் தலையில் விழுகிறது. நால்வரும் ஒரே பக்கம் நின்று ஆடும் கூட்டு விளையாட்டில் இது பெரிதாகத் தெரியாது. ‘ஓவர்குக்டு’ விளையாட்டில் வெங்காயம் நறுக்குவதும், தட்டைக் கழுவுவதும், அடுப்பிலிருந்து பாத்திரத்தை இறக்குவதும் 4 சட்டகம் பிந்தினாலும் உணவு கருகிவிடாது. அங்கே வெற்றியை முடிவுசெய்வது “நீ தக்காளி எடு, நான் தட்டு எடுக்கிறேன்” என்ற பேச்சுத்தான். ‘டவர்ஃபால்’ அப்படியன்று. பறந்து வரும் அம்பை, சரியான கணத்தில் பாய்ந்து கையால் பிடித்துவிடுவதே அந்த விளையாட்டின் உயிர். நான் ஹோஸ்டாக இருந்த நாள்களில் அந்த அம்புகளை எளிதாகப் பிடித்தேன். சிங்கப்பூர் நண்பருக்கோ தன் கை வேகம் குறைந்துவிட்டது என்றே தோன்றியது. அடுத்த வாரம் அவர் ஹோஸ்டாக இருந்தபோது முடிவுகள் அப்படியே தலைகீழாயின. அதன்பிறகு, ஒருவரையொருவர் வெல்லும் விளையாட்டைக் காணொளி வழியில் ஆடினால், ஹோஸ்ட் பொறுப்பைச் சுற்றுக்கு ஒருவராக மாற்றிக்கொள்கிறோம். அப்படி மாற்ற எல்லோரிடமும் அந்த விளையாட்டும் ஓரளவு நல்ல கணினியும் வேண்டும் என்பதால், ஒரு பிரதியோடு முடிந்துவிடும் என்ற சிக்கனம் அங்கே போய்விடுகிறது.

காணொளி வழியில் உள்ள மென்பொருள்களில் பெரும்பாலான குழுக்கள் முதலில் முயல வேண்டியது ஸ்டீம் ரிமோட் ப்ளே டுகெதர் என்பது என் துணிபு. வால்வ் நிறுவனம் 2019இன் இறுதியில் கொண்டுவந்த இவ்வசதியில் ஹோஸ்ட் ஒருவர் மட்டும் விளையாட்டை வாங்கியிருந்தால் போதும். 2021இல், ஸ்டீம் கணக்கே இல்லாதவரும் ஹோஸ்ட் அனுப்பும் லிங்க்கைத் தொட்டு உள்ளே வரலாம் என்ற வசதியைச் சேர்த்தார்கள். அதற்கு ஸ்டீம் லிங்க் செயலியைக் கைப்பேசியில் நிறுவிக்கொண்டால் போதும். கணினி இல்லாமல் ஆண்ட்ராய்டு கைப்பேசி மட்டும் வைத்திருக்கும் நண்பர் நம் குழுக்களில் ஒருவராவது இருப்பார் என்பதால், இதை நான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். தொடுதிரையில் தோன்றும் பொத்தான்களால் ‘கப்ஹெட்’ ஆடுவது வேதனை. ஆனால் ப்ளூடூத் ஜாய்ஸ்டிக் ஒன்றை இணைத்துவிட்டால் கைப்பேசியும் நல்ல திரையாகிவிடும். விளையாட்டின் திரையை மட்டுமே நண்பர்களுக்குக் காட்டி, ஹோஸ்டின் மற்றக் கோப்புகளையும் அரட்டைகளையும் மறைத்துவிடுவது இதன் இன்னொரு நன்மை. நண்பர்கள் கீபோர்டையும் மவுஸையும் பயன்படுத்தலாமா கூடாதா என்பதையும் ஹோஸ்ட் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே தீர்மானிக்கலாம்.

பார்செக், 2021இல் யூனிட்டி நிறுவனத்தின் கைக்குப் போன பிறகும் தனிப்பட்ட பயன்பாட்டுக்கு இலவசமாகவே கிடைக்கிறது. அது ஹோஸ்டின் முழுத் திரையையும் பகிர்வதால் விளையாட்டை எங்கே வாங்கினோம் என்பது பொருட்டில்லை. எபிக், ஜிஓஜி ஆகிய கடைகளில் வாங்கியது, எமுலேட்டர் என்று கணினியில் ஓடும் எதையும் ஆடலாம். என் அனுபவத்தில் படம் ஸ்டீமை விடத் தெளிவாகவும் கைக்குக் கிடைக்கும் பதில் சற்று விரைவாகவும் இருக்கிறது. கோவை நண்பரோடு ஆடும்போது அவர் அதே அறையில் இருப்பதாகவே உணர்ந்த மாலைகள் உண்டு. ஆனால் முழுத் திரையையும் பகிர்கிறோம் என்பதை மறந்துவிடக் கூடாது. அழைப்பு அனுப்பும் முன் நண்பர்களுக்கு ஜாய்ஸ்டிக் அனுமதியை மட்டும் கொடுத்து, கீபோர்டு, மவுஸ் அனுமதிகளை மூடிவிடுவதும், வங்கி, மின்னஞ்சல் பக்கங்களை முன்கூட்டியே மூடிவைப்பதும் கட்டாயம் செய்ய வேண்டியவை.

பார்செக்கின் பெருங்குறை நம் நாட்டு இணையத்தோடு தொடர்புடையது. பல இணையச் சேவை நிறுவனங்கள், தம்மிடம் உள்ள குறைந்த எண்ணிக்கையிலான ஐபி முகவரிகளைப் பல வீடுகளுக்குப் பொதுவாகப் பங்கிட்டுக் கொடுக்கின்றன. அவ்வாறு இரு முனையிலும் முகவரி மறைந்திருக்கும்போது, இரண்டு கணினிகளும் ஒன்றையொன்று நேரடியாகக் கண்டுகொள்வது சில வேளைகளில் இயலாமல் போகிறது. நேரடி இணைப்பையே நம்பும் பார்செக் அப்போது பிழை எண்ணைக் காட்டி நின்றுவிடும். ஸ்டீம் அவ்வாறான சமயங்களில் தன் இடைநிலைச் சேவையகங்கள் வழியாகச் செய்தியை அனுப்பி இணைப்பைக் காப்பாற்றுகிறது. கைப்பேசி ஹாட்ஸ்பாட் வழியாக வரும் நண்பர் பார்செக்கில் சேர முடியவில்லை என்றால், ரவுட்டர் அமைப்புகளில் இரவைக் கழிப்பதைவிட ஸ்டீமுக்கு மாறுவதே அறிவுடைமை. இரு முனையிலும் ஐபிவி6 (ஒவ்வொரு கருவிக்கும் தனி முகவரி தரும் புதிய முகவரி முறை) இயங்கினால் இச்சிக்கல் பெரும்பாலும் எழாது என்பதையும் சொல்ல வேண்டும்.

சன்ஷைன், மூன்லைட் ஆகியவை திறந்த மூலத் திட்டங்கள். தரம் மிக உயர்ந்தது. எனினும் அவை ஒருவர் தன் கணினியைத் தானே வேறிடத்திலிருந்து பயன்படுத்துவதற்காக உருவானவை. போர்ட் திறப்பது (வெளியிலிருந்து வரும் இணைப்புக்கு ரவுட்டரில் வழிவிடுவது), சான்று எண் உள்ளிடுவது போன்ற வேலைகளை ஒவ்வொரு நண்பருக்கும் தொலைபேசியில் சொல்லிக்கொடுக்கும் பொறுமை உள்ளவர்கள் முயலலாம். பிளேஸ்டேஷன் வைத்திருப்பவர்களுக்கு 2014 முதல் ஷேர் ப்ளே வசதி உண்டு. ஒரு நண்பரை மட்டும், ஒரு முறைக்கு 60 நிமிடம் வரை அழைக்கலாம், சேர்ந்து ஆட இருவருக்கும் பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தா வேண்டும். 2025இல் வந்த நின்டெண்டோ ஸ்விட்ச் 2இலும் இவ்வகை வசதி உள்ளது. இணையத்தில் ஆட இரு முனையிலும் அதே கருவி வேண்டும் என்பதால் நம் பெரும்பாலான குழுக்களுக்கு அது எட்டாது.

செலவுக் கணக்கில் பலரும் விளையாட்டின் விலையைப் பார்க்கிறார்களே தவிர, தரவைப் பார்ப்பதில்லை. 1080பி தெளிவில் 60 சட்டகங்களைத் திருத்தமாகப் பார்க்க ஒரு விருந்தினருக்கு நொடிக்குச் சுமார் 10 மெகாபிட் வேண்டும். மூன்று விருந்தினர் என்றால் ஹோஸ்டின் அப்லோடு வேகம் 30 மெகாபிட் இருக்க வேண்டும். டவுன்லோடு வேகம் 100 என்று விளம்பரத்தில் பார்த்து ஏமாந்துவிடாமல் அப்லோடு வேகத்தைத் தனியே சோதித்துக்கொள்ள வேண்டும். விருந்தினர் பக்கத்தில் இதே 10 மெகாபிட் ஒரு மணி நேரத்துக்கு 4.5 ஜிபி ஆகிறது. நாளுக்கு 2 ஜிபி கிடைக்கும் கைப்பேசித் திட்டத்தில் இருப்பவருக்கு அரை மணி நேரத்துக்குள் அன்றைய ஒதுக்கீடு தீர்ந்துவிடும். அப்படிப்பட்ட நண்பருக்காக 720பி தெளிவுக்கும் 5 மெகாபிட்டுக்கும் இறங்கி வருவதை நான் கட்டாயம் என்றே சொல்வேன். இருந்தும் அவருக்கு ஒரு மணி நேரமே கிட்டத்தட்ட எல்லை. இதற்கு நேர்மாறாக, பொத்தான் அழுத்தங்களை மட்டும் பரிமாறும் இரண்டாவது உத்தியில் தரவுச் செலவு புறக்கணிக்கத்தக்க அளவே.

அந்த இரண்டாவது உத்தியின் சிறப்பு ரோல்பேக் என்னும் முறையில் இருக்கிறது. பழைய நெட்பிளே, எதிராளியின் பொத்தான் செய்தி வந்து சேரும்வரை இருவருடைய விளையாட்டையும் நிறுத்திவைத்தது; இணையம் திணறினால் விளையாட்டும் திணறியது. சண்டை விளையாட்டுப் போட்டியான ஈவோவின் நிறுவனர்களுள் ஒருவரான டோனி கேனன் உருவாக்கிய ஜிஜிபிஓ வேறு வழியில் சென்றது. எதிராளி சற்று முன் செய்துகொண்டிருந்ததையே இப்போதும் செய்கிறார் என்று ஊகித்து விளையாட்டு நிற்காமல் ஓடுகிறது. உண்மைச் செய்தி வந்ததும் ஊகம் தவறாயிருந்தால், சில சட்டகங்கள் பின்னோக்கிச் சென்று திருத்தி, கண்ணிமைக்கும் நேரத்துக்குள் மீண்டும் நிகழ்காலத்துக்கு வந்துவிடுகிறது. ஒருவர் விசையை அழுத்திக்கொண்டே இருக்கும் சட்டகங்கள் மாற்றும் சட்டகங்களை விட மிக அதிகம் என்பதால் ஊகம் பெரும்பாலும் சரியாகவே அமைகிறது. 2019இல் ஜிஜிபிஓவின் நிரல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. இவ்வழியில் நம் கை நம் கணினியில் ஏறத்தாழ உடனுக்குடன் பதில் பெறுகிறது. தாமதத்தின் விளைவை இருவரும் சமமாகப் பகிர்ந்துகொள்கிறோம். ஒருவருக்கொருவர் எதிராக ஆடும் பழைய ஆர்கேடு விளையாட்டுகளுக்கு இதைவிட நேர்மையான வழியை நான் கண்டதில்லை. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே இவ்வாறு ஆடும்போது, எதிராளி அருகில் இல்லை என்பதையே மறந்துவிட முடிகிறது.

ஆனால் இவ்வழி எல்லா விளையாட்டுக்கும் கிடைக்காது. ஒரே உள்ளீட்டுக்கு ஒவ்வொரு முறையும் ஒரே விளைவைத் தரும்படி விளையாட்டு அமைந்திருக்க வேண்டும், அதன் நிலையை நொடியில் சேமித்து மீட்கவும் முடிய வேண்டும். எமுலேட்டர்களில் ஓடும் பழைய விளையாட்டுகளுக்கு இது இயல்பாக அமைகிறது, ‘ஓவர்குக்டு’ போன்றவற்றுக்கு வெளியிலிருந்து ஒட்டவைக்க முடியாது. இருவரிடமும் எமுலேட்டரும் விளையாட்டுக் கோப்பும் ஒரே பதிப்பாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. விளையாட்டுக் கோப்புகளைக் கண்ட இடத்தில் இறக்கிக்கொள்வது உரிமை மீறல் என்பதையும் தவிர்க்காமல் சொல்கிறேன். ‘கான்ட்ரா’ ஆட விரும்புவோர், கொனாமி 2019இல் வெளியிட்ட தொகுப்பை வாங்கி ஸ்டீம் வழியாக ஆடலாம். காப்காம் 2018இல் வெளியிட்ட அடிதடி விளையாட்டுத் தொகுப்பில் ‘கேப்டன் கமாண்டோ’, ‘ஃபைனல் ஃபைட்’ உள்ளிட்ட 7 விளையாட்டுகள் இணையவழி ஆட்ட வசதியோடு கிடைக்கின்றன. முஸ்தபா அதில் இல்லை என்பது எங்கள் நால்வருக்கும் உண்மையான வருத்தம்.

இவ்விரண்டு உத்திகளையும் தேடிப் போவதற்கு முன் சோதிக்க வேண்டியது, அந்த விளையாட்டுக்கே சொந்தமான இணைய வசதி பின்னர் வந்துவிட்டதா என்பதை. முதல் ‘ஓவர்குக்டு’ 2016இல் வந்தபோது அதில் இணைய ஆட்டம் இல்லை. இரண்டாம் பாகத்தில் வந்தது, பிறகு இரு பாகங்களையும் சேர்த்த ‘ஆல் யூ கேன் ஈட்’ தொகுப்பில் முதல் பாகத்துக்கும் கிடைத்தது. 2021இல் வந்த ‘இட் டேக்ஸ் டூ’ ஒரு பிரதி வாங்கினால் நண்பருக்கு இலவச அனுமதி தருகிறது. ‘டெக்கன் 3’ நினைவுகளோடு இருப்பவர்களுக்கு, 2024இல் வந்த ‘டெக்கன் 8’ ரோல்பேக் முறையோடேயே வருகிறது. விளையாட்டை உருவாக்கியவர்களே செய்த இணைய வசதி இருக்குமானால், சற்றுக் கூடுதலாகச் செலவானாலும் அதையே தேர்ந்தெடுக்கச் சொல்வேன். அங்கே ஒவ்வொருவருக்கும் தெளிவான படம், ஒவ்வொருவர் கைக்கும் உடனடிப் பதில்.

எந்த வழியிலும் உதவும் சில நடைமுறைச் செய்திகள் உண்டு. ஹோஸ்டின் கணினியை ரவுட்டருடன் கேபிளால் இணைப்பது, விலையுயர்ந்த கிராபிக்ஸ் அட்டை வாங்குவதைவிட அதிகப் பயன் தரும்; அடுக்குமாடிக் குடியிருப்பில் பத்து வீடுகளின் வைஃபை அலைகள் மோதிக்கொள்ளும்போது சராசரித் தாமதம் குறைவாக இருந்தாலும் அது ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும், கைக்குப் பிடிபடாதது அந்த ஏற்ற இறக்கம்தான். மின்தடையில் கணினி யுபிஎஸ்ஸில் நின்றாலும் ரவுட்டர் அணைந்தால் எல்லாம் முடிந்தது; ரவுட்டருக்கென்றே விற்கும் சிறிய யுபிஎஸ் ஒன்றை ஹோஸ்ட் வாங்கிவைப்பது நல்லது. பேச்சை விளையாட்டு ஓடும் கணினியில் வைக்காமல், தனியே கைப்பேசி அழைப்பில் வைத்தால் தம் குரலே எதிரொலியாகத் திரும்பி வரும் தொல்லை இல்லை.

எங்கள் குழுவின் இப்போதைய ஏற்பாடு இவ்வளவு யோசனைக்கும் பிறகு அமைந்தது. சென்னை, கோவை, சிங்கப்பூர் மூவரும் ஆடும்போது சிங்கப்பூர் நண்பருக்கே தொலைவு அதிகம் என்பதால், ‘கப்ஹெட்’ போன்று கைத்திருத்தம் வேண்டிய விளையாட்டில் அவர் இருவருள் ஒருவராக ஆடினால் அவரே ஹோஸ்ட். அருகருகே உள்ள நாங்கள் இருவரும் மட்டும் என்றால் பார்செக். டொராண்டோ நண்பரோடு ஆடுவதற்கு நடுவில் நிற்கும் ஊர் என்று எதுவும் இல்லை. அவரைக் காணொளி வழியில் ‘டவர்ஃபால்’ ஆடவைப்பது அவருக்குச் செய்யும் அநீதி என்று ஒருநாள் நாங்களே ஒப்புக்கொண்டு நிறுத்திவிட்டோம். அவருக்காகத் தேர்ந்தெடுத்தது ‘வார்ம்ஸ்’ போன்ற முறை வைத்து ஆடும் விளையாட்டுகள்: குறி பார்த்து, காற்றின் திசையைக் கணக்கிட்டு, ஒருவர் எறிந்து முடித்த பிறகே அடுத்தவர் எறிய வேண்டும் என்பதால் கால் நொடித் தாமதம் அங்கே யாரையும் தோற்கடிப்பதில்லை. கோடைக்காலத்தில் இந்திய நேரம் சனிக்கிழமை இரவு 8 மணி என்றால் அவருக்குக் காலை 10.30, சிங்கப்பூரில் இரவு 10.30. எனவே நால்வரும் சேரும் ‘வார்ம்ஸ்’ முதலில். சிங்கப்பூர் நண்பர் தூங்கப் போன பிறகு, டொராண்டோ நண்பர் கைப்பேசி அழைப்பில் பேசியபடி கேட்டுக்கொண்டிருக்க, நானும் கோவை நண்பரும் ஆடுகிறோம்.